வெண்கருடனுக்காக ஒரு ஜெபம்

சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் குடியிருந்த தபீதாளுக்குக் கதை என்றால் உயிர். அதுவும் கோவர்த்தனன் எழுதுகிற தொடர்கதை என்றால் அடுப்பில் சோறு குழைவதுகூடத் தெரியாது. கதை முடிவதற்குள் யாரையாவது சாகடித்துவிடுவது அந்த எழுத்தாளரின் வழக்கம். வாரப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தி அழுதால்தான் அவளுக்குப் படித்த திருப்தி. பகலெல்லாம் பள்ளிப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலத்தை அழுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள் மகராசி.

அவள் கணவர் அசரியா பஸ் டிரைவர். கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூர் போகிற வண்டி. கண்ணீர்க் கதையெல்லாம் அவருக்கு ஆகாது. மாதாமாதம் வரும் வெண்கருடன் காமிக்ஸ்தான் எல்லாம். பகலில் இன்பசேகரன் என்கிற சாதாரண குமாஸ்தா. யாருக்காவது ஆபத்து என்றால் முகமூடி மாட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கிற வெண்கருடன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே படிக்கிறார்.

"மீசை நரைச்சிப் போச்சி, இன்னும் சின்னப் பசங்க பொஸ்தகமா?" என்று தபீதாள் சீண்டுவாள்.

"உன் ஆளு எல்லாரையும் சாவடிக்கிறான். என் ஆளு எல்லாரையும் காப்பாத்துறான். யாரு தேவலாம் சொல்லு" என்பார்.

எழுபத்தெட்டில் ஒரு மாதம் காமிக்ஸின் முதல் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. இனி வெண்கருடனை எழுதப்போகிறவர் கோவர்த்தனன். தபீதாளுக்கு வாயெல்லாம் பல்.

வந்ததும் வராததுமாக எழுத்தாளர் தன் வேலையைக் காட்டினார். வெண்கருடன் முதல்முறையாகக் கீழே விழுந்தான். அடி பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினாலே அவனுக்குக் கால் நடுங்கியது. குமாஸ்தா நாற்காலியே கதியென்று உட்கார்ந்துவிட்டான். அசரியா புத்தகத்தைச் சுழற்றி எறிந்தார். "பயப்படறவன் இன்னா ஹீரோ? கெடுத்துட்டான் உன் ஆளு!"

அந்த மழைக்காலத்தில்தான் கார்வேட்டிநகரத்துக்கு முன்னால் எருமை ஒன்று சாலையில் குறுக்கே வந்தது. அசரியா ஒடித்துத் திருப்பினார். பஸ் நெல்வயலில் இறங்கிச் சாய்ந்தது. ஒரு கிழவிக்குக் கை முறிந்ததோடு போயிற்று. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் மேல் ஒரு கீறலும் இல்லை. ஆனால் மறுநாள் ஸ்டியரிங்கைத் தொட்டதும் கை உதறியது. லீவு சொல்லிவிட்டு வந்து படுத்தவர், லீவு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் வேலையே போய்விடும்.

"இன்னாங்க ஆச்சி?" என்றால் "முதுகு வலி" என்பார். பயம் என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. எறிந்த காமிக்ஸை மட்டும் தானே தேடி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டு முறையாக வந்தது. ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றார் உபதேசியார் எர்னஸ்ட். ஒருவர் மகளுக்கு வரன் கேட்டார், இன்னொருவர் சர்க்கரை வியாதியைச் சொன்னார். மூலையில் அசரியா தொண்டையைச் செருமினார்.

"இன்பசேகரன்னு ஒருத்தர். நல்ல மனுஷன் ஐயா. ஒசரத்துல வேல. ஒருவாட்டி விழுந்துட்டாரு. அதுலேருந்து பயந்துக்கினு வூட்லயே கெடக்குறாரு."

"எந்த ஊருப்பா?"

"வெளியூரு."

கரண்டு கம்பத்தில் ஏறுகிற ஆள் என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "கம்பத்தில் ஏறி உழைக்கும் எங்கள் சகோதரன் இன்பசேகரனை உம்முடைய கரம் தாங்கட்டும் ஆண்டவரே" என்று உருகி ஜெபித்தார். கூட்டமே ஆமென் சொன்னது. தபீதாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். மூடிய கண்ணிலிருந்து அவருக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தனக்கென்று கேட்கத் தெரியாத மனுஷன்!

அதிலிருந்து வாராவாரம் சபை இன்பசேகரனுக்காக ஜெபித்தது. தபீதாளுக்கோ வேறு கவலை. அடுத்த இதழோடு கதை முடிகிறது. கோவர்த்தனன் கதையை எப்படி முடிப்பார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வெண்கருடன் செத்தால் இவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். இத்தனை வருஷம் யார் செத்தாலும் ரசித்து அழுதவள், "இந்த ஒருத்தன விட்டுடுய்யா" என்று முகம் தெரியாத எழுத்தாளரிடம் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு திரிந்தாள்.

புத்தகம் வந்த அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு கடைக்கு ஓடினாள். செத்திருந்தால் ஒளித்துவிடுவது என்று முடிவு. நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். வெண்கருடன் மாடி விளிம்பில் நிற்கிறான். கால் நடுங்குகிறது. கீழே யாரோ உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். அடுத்த படத்தில் ஆகாயத்தில் இருக்கிறான். முகத்தில் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது. அவ்வளவுதான் கதை. தபீதாள் அங்கேயே ஓவென்று அழுதாள். "ஏமைந்தம்மா?" என்ன ஆச்சும்மா என்று கடைக்கார கங்கையா தெலுங்கில் பதறிப்போனார்.

அசரியா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

அந்த வியாழக்கிழமை உபதேசியார் கேட்டார். "இன்பசேகரன் எப்பிடி இருக்காரு தம்பி?"

"வேலைக்குப் போயிட்டாரு ஐயா. பயம் போவல. பயந்துக்கினேதான் போறாரு."

"தேவனுக்கு ஸ்தோத்திரம்!"

மறுநாள் காலையில் அசரியா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். தபீதாளும் பின்னாலேயே போய், டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. வண்டி நகர்ந்தது. கண்டக்டர் முனிகிருஷ்ணன் வந்து, "எங்கக்கா போவணும்?" என்றான்.

"அவரு எதுவரைக்கும் போறாரோ, அதுவரைக்கும்" என்றாள்.