ஆந்தை இருக்கும் வினைச்சொல்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் பழைய எகிப்து பாஷையில் காதால் கேட்பதற்கு என்ன வினைச்சொல் என்றால் இன்றைக்கும் சொல்வேன்: செஜெம்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மயிலாப்பூர் நடைபாதையில் வாங்கிய ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பாஷையைத் தானாகவே படித்தார். ஆழ்வார்பேட்டையில் வயதானவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் சங்கம் ஒன்றில், இந்த ஒரே வினைச்சொல்லைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டார். அந்தப் பாஷையில் எழுத்தெல்லாம் படங்கள்; அவருக்குப் படம் வராது. கோலம் போடுகிற கை என்பதால் சார்ட்டு எழுதும் வேலை எனக்கு.

முதலில் ஒரு பசுவின் காது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் நிற்கிற பசுவைப் பார்த்து வரைந்தேன். கோமாதா ஆயிற்றே, குளித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். 'அவன்' என்பதற்குக் கடைசியில் கொம்புள்ள பாம்பு: செஜெமெஃப், அவன் கேட்கிறான். நடந்து முடிந்ததென்றால் நடுவில் ஒரு நீரலை: செஜெமெனெஃப், அவன் கேட்டான்.

"அவன்னா பாம்பா? பொருத்தமாத்தான் இருக்கு" என்றேன்.

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை" என்று சிரித்தார்.

காதுக்குப் பக்கத்தில் ஒரு ஆந்தையும் வரவேண்டும். அதை மட்டும் நான் வரையவில்லை.

"'ம்'ங்கற எழுத்துடி அது. வேற ஒண்ணும் இல்லை."

"வேண்டாம், விட்டுடுங்கோ."

அவர் விடவில்லை. அதனால் இருபத்தைந்து வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். எங்கள் முதல் குழந்தைக்கு ஜுரமாக இருந்த சாயங்காலம், விளக்கேற்றும் நேரத்தில், கொல்லை முருங்கையில் ஆந்தை கத்தியது. நான் கேட்டேன். மாமியார் என்ன சொல்வாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். விடிந்தபோது குழந்தை இல்லை.

"அப்பவே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட தூக்கிண்டு போயிருப்போமோ என்னமோ" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போறது விடு. ஆந்தையை நான் போட்டுக்கறேன்."

கூட்டத்தன்று நான் கடைசி வரிசையில் இருந்தேன். முன்னால் ஒரு பெரியவர் கேட்டார்: "என்ன சார், மத்ததெல்லாம் அச்சு மாதிரி இருக்கு. ஆந்தை மட்டும் பூசணிக்கா மாதிரி இருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். "அது என் கைவண்ணம். ஆத்துக்காரி ஆந்தை போடமாட்டா. எங்க முதல் குழந்தை போறதுக்கு முன்னாடி ஆந்தை கத்தித்தாம். கேட்டுட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டா. இன்னும் அதையே நெனைச்சுண்டிருக்கா." பிறகு குச்சியால் சார்ட்டைத் தொட்டார். "நல்ல உதாரணம் கெடைச்சுது பாருங்கோ. அவள்னா பாம்பு போய் 'ஸ்' வரும். செஜெமெனெஸ். அவள் கேட்டாள். எங்கே, எல்லாரும் சொல்லுங்கோ."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள். ஒரு மாமி மட்டும் சொல்லாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

பஸ்ஸில், "நன்னா இருந்ததோல்லியோ?" என்றார்.

"இருந்தது" என்றேன்.

அடுத்த வருஷம் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அம்பாள் சந்நிதியில் நின்று அழுதேன். அப்புறம் தங்கையிடம் சொன்னேன். கணவர் கையெழுத்து வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரியும்.

"ஏண்டி, எங்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றார்.

"சொல்லத் தோணலை" என்று காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.