சிவப்புக் கோட்டோடு போன விண்ணப்பம்

விண்ணப்பம் அடித்தல் திருத்தல் இன்றி இருக்க வேண்டும் என்பது விதி. பணியில் இருந்தபோது அந்த ஒன்றைக் காட்டியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் மகளின் விண்ணப்பம் சிவப்புக் கோடுகளோடு தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தது.

அவளுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மருமகனுக்குப் பெரம்பலூரில் டயாலிசிஸ். அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வேலைக்குப் போகிறாள். வீட்டுக்கு அருகே மாறுதல் கேட்டு வேர்டில் அவளே எழுதி, ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று ஆடியில் எனக்கு அனுப்பினாள்.

பார்த்தேன். 'பஸ்ஸில் போகும்போது போன் அடித்தாலே கை நடுங்குகிறது' என்றொரு வரி. நடுக்கத்துக்கு மாறுதல் விதிகளில் இடமில்லை, டிலீட் செய்தேன். ஓரத்தில் கமெண்ட் போடப் புதிதாகக் கற்றிருந்தேன். 'இந்த அதிகாரி முதல் பத்தியைத் தாண்டமாட்டார், சுருக்கு' என்று அங்கே எழுதினேன். திரையில் வரி மறைந்தது. கமெண்ட் ஒரு சின்னக் குறியாக ஒடுங்கியது. அவள் திறந்தபோதும் பக்கம் சுத்தமாகவே தெரிந்திருக்கிறது. அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாள்.

நமக்கென்று ஒரு பிரதி வேண்டாமா? பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடையில் கோப்பைத் திறக்கச் சொன்னேன். அங்கே இருந்தது பழைய வேர்டு. நான் நீக்கிய வரி நடுவில் கோடு விழுந்து சிவப்பாக நின்றது. வலது ஓரத்தில் என் கமெண்ட், என் பெயரோடு விரிந்து கிடந்தது.

"செவப்பு தெரியணும்னா கலர்லதான் எடுக்கணும். எடுக்கவா சார்?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து, மேல்பட்டையில் ரிவியூ என்பதைத் திறந்தேன். ட்ராக் சேஞ்சஸ் இயக்கத்தில் இருந்தது. அது இருக்கும்வரை நாம் நீக்குவதெல்லாம் வெறும் முன்மொழிவு. யாராவது ஒப்புதல் தரும்வரை வரி உயிரோடிருக்கும். எங்கள் அலுவலகத்தைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

தலைமை அலுவலகத்துக் கணினியும் கடைக்காரருடையதைவிட இளையதாக இருக்க வாய்ப்பில்லை. திருத்தி இன்னொரு முறை அனுப்பலாம். ஆனால் இரண்டாவது மனு வந்தால் முதல் மனுவைத் தேடி எடுத்து ஒப்பிடுவார்கள். நானே அப்படிச் செய்தவன். என் நக்கலுக்காக அவளை இன்னும் தூரத்தில் தூக்கிப் போட்டால்? நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

"சும்மா இருங்கப்பா. நீங்க போனா விதி பேசுவீங்க." என்றாள். "படிக்கட்டும். நான் எழுதுனது பொய்யா?"

ஆணை வந்தால் எனக்கும் அனுப்பு என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து மின்னஞ்சல் சன்னலைச் சிறிதாக்கிக் கீழே ஒதுக்குவதும், உடனே மேலே கொண்டுவருவதுமாக இருந்தேன். மருமகன்கூட, "மாமா, அதப் பாத்துப் பாத்து ஒங்களுக்கும் டயாலிசிஸ் வந்துடப்போவுது" என்றார்.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் உள்ள பாடாலூருக்கு மாறுதல் என்று இரண்டே வரியில், காரணம் எதுவும் சொல்லாமல், ஆணை வந்த நாள் ஆயுத பூஜைக்கு முந்தைய தினம்.