இரண்டு வண்டிகளின் பின் சீட்டு

உத்திரமேரூருக்கு வெளியே கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். போன வாரம் என் மகள் மலர் என்னையும் இழுத்துப் போனாள். கல்யாணம் அவளுக்குத்தான். அங்கே பழைய கார்கள் இரண்டு நின்றன. கறுப்பு வண்டியின் கதவைத் திறந்ததும் ரெக்சினும் பெட்ரோலும் கலந்த வாசனை. கதவில் இருந்த நசுங்கல், ரிவர்ஸ் எடுக்கும்போது புளியமரத்தில் நான் சம்பாதித்தது.

இரண்டும் எங்கள் ரைஸ்மில் முதலாளியின் வண்டிகள். இரண்டையும் ஓட்டியவன் நான். கறுப்பு, வெள்ளைக்காரன் காலத்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் கண் விழிக்கும். கிளம்பிவிட்டால் எந்த மேட்டிலும் மூச்சு வாங்காது. பிறகு வந்த வெள்ளை அம்பாசிடருக்குச் சாவி போதும், சீட்டும் மெத்தை. “எது நல்ல வண்டி மாமா?” என்று மாப்பிள்ளை கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா, கால் மணி நேரம் அளந்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

சேரி என்று ஒதுக்கிவைத்த எங்கள் காலனி ஆட்கள் அந்த வண்டிகளை ஓட்டலாம், துடைக்கலாம். பின் சீட்டில் உட்காரக் கூடாது. என் கல்யாணத்தன்று பெண் சரோஜாவை அவள் ஊர் ராஜகுளத்திலிருந்து கறுப்பு வண்டியில் அழைத்துவர முதலாளியைக் கேட்டேன். “பேஜார் பண்ணாதடா, பஸ்ல இட்டுக்கினு வா” என்றார். வெள்ளை வண்டி வந்த அன்று சரோஜா சிரித்தாள்: “இதுலயாவது குந்த வுடுவாரா?”

மலருக்கு மூன்று வயதிருக்கும்போது சரோஜா வயிற்று வலியில் துடித்தாள். அன்றும் போய்க் கேட்டேன். “சீட்டு கவர் புதுசுடா” என்றார். டிராக்டரில் போட்டுச் செங்கல்பட்டு கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், யாரிடம் போய்க் கேட்பது?

மலரும் மாப்பிள்ளையும் வெள்ளை வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்கள். “நைனா, முன்னாடி குந்து. வண்டிய எடு, போலாம்” என்றாள் விளையாட்டாக. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும் கை தானாகச் சாவியைத் தேடியது.

“இன்னா பெரியவரே தேடற? ரெண்டுத்துலயும் இன்ஜினே இல்ல, எப்பவோ கழட்டி வித்துட்டாங்க” என்றார் போட்டோக்காரர்.

இப்போது வாடகை கட்டினால் யார் வேண்டுமானாலும் பின்னால் உட்காரலாம். கண்ணாடியில் பார்த்தேன். மலர் பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.