வயிறு வானம் பார்க்க

சிமெண்ட் கிடங்கின் வாசலில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஒரு மைக். இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவளை டிரைவர்கள் எல்லோரும் எடைமேடை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி மேடையில் கோணலாக ஏறினால் எடை தப்பாகக் காட்டும். அதனால் நாளெல்லாம் மைக்கில், "உன் லெஃப்ட்டுல ஒடிச்சுத் திருப்பு. என் லெஃப்ட்டு இல்லப்பா, உன் லெஃப்ட்டு!" என்று கத்திக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டாள். தொண்டை அங்கேயே தீர்ந்துபோயிருக்கும்.

அவள் கணவர் குடிநீர் அலுவலகத்தில் வரைவாளர். குழாய் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று படம் வரைவது அவர் வேலை. மாடல் விமானம் செய்வது அவர் பைத்தியம். பால்சா மரத்தைச் சீவி, பசை வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சின்ன இஸ்திரிப் பெட்டியால் இழுத்து ஒட்டி, மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி, பதினெட்டு வருஷத்தில் பதினோரு விமானங்கள் செய்து முடித்திருந்தார். முதல் விமானம் இருபது நொடி பறந்து நொறுங்கியது. மிச்சம் பத்தும் கூடத்தின் கூரையிலிருந்து நரம்புக் கயிற்றில் தொங்கின. வளர்த்தியான விருந்தாளி யாராவது வந்தால் குனிந்துதான் நடக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நாலைந்து பேர் விமானம் விடுவார்கள். வரைவாளர் ஒரு வாரம்கூடத் தவறாமல் போவார். மற்றவர்களின் விமானத்தில் எடை முன்னும் பின்னும் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார். தன்னுடையதைப் பெட்டியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் காட்டுவார். பிறகு விரலை எச்சில்படுத்தித் தூக்கிப் பார்த்துவிட்டு, "காத்து சரியில்ல" என்று பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

ஒரு தடவை பாத்ரூமில் வழுக்கி அவருக்குத் தோள் பிசகியது. பெட்டி தூக்க ஆள் இல்லை. அப்படித்தான் அக்கா முதன்முதலாக மைதானத்துக்குப் போனாள்.

அங்கே ஒரு பல் டாக்டர் இருந்தார். எல்லோரையும்விட நன்றாக விமானம் விடுகிறவர், எல்லோரையும்விட அதிகம் பேசுகிறவரும் அவர்தான். பழகுகிறவர்களுக்கென்று அவரிடம் ஒரு தெர்மக்கோல் விமானம் இருந்தது. சும்மா நிற்கிறாளே என்று ரிமோட்டை அக்கா கையில் கொடுத்தார். புதிதாகக் கற்கிறவர்களுக்கு விமானம் தன்னை நோக்கி வரும்போதுதான் தலை சுற்றும். அதன் இடது நம் வலதாகிவிடும். அக்காவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. எதிரே வருகிறவனின் இடது எது என்று யோசிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே.

"நீங்க ஏற்கெனவே விட்டிருக்கீங்க, பொய் சொல்லாதீங்க" என்றார் டாக்டர்.

வரைவாளர் கிளம்பலாம் என்று முன்னால் நடந்தார். ராத்திரி சாப்பாட்டில், "திருப்பும்போது ரொம்ப வேகமா விட்டே" என்றார்.

அக்கா வாராவாரம் போக ஆரம்பித்தாள். ஏழெட்டு மாதத்தில் தனியாக ஏற்றி இறக்கினாள். ஒரு நாள் பலத்த காற்றில் தெர்மக்கோல் விமானம் புரண்டு மல்லாந்தது. பதறிப்போய் ரிமோட்டின் குச்சியைத் தன் பக்கம் இழுத்தாள். அது மூக்கு நேராகத் தரையில் குத்தி இரண்டாக முறிந்தது.

"மல்லாந்து கிடக்கும்போது இழுத்தா கீழதான்கா போகும்" என்றார் டாக்டர், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. "அப்போ தள்ளணும். தள்ளினாத்தான் மூக்கு மேல நிக்கும். கைக்கு அது புரியவே புரியாது. எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு."

உடைந்தது அக்காவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தன் கை தன்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்ததுதான் உறுத்தியது. தெரியாமல் கவிழ்ந்தால் உடைகிறது. வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகிவிட்டால் என்ன என்று நாலு நாள் யோசித்தாள். டாக்டரிடம் கேட்டு, கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் விளையாட்டு ஒன்றை வாங்கி வந்தாள். அதில் முன்னூறு தடவையாவது தரையில் குத்தியிருப்பாள். பஸ்ஸில் போகும்போது கைப்பையின் பிடிமேல் கட்டைவிரலை வைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பாள். பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி நரம்புக் கோளாறோ என்று நினைத்து ஒரு வைத்தியரின் விலாசம்கூடக் கொடுத்தாள்.

டாக்டரின் தெர்மக்கோல் விமானத்துக்கு இறக்கை அடியில் தட்டை. மல்லாந்து நிற்பது அதற்கு ஒத்துவராது. மேலும் கீழும் ஒரே மாதிரி வளைந்த இறக்கை வேண்டும். அப்படி ஒன்று வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே தொங்கியது. சிவப்பும் வெண்மையுமாக, வரைவாளர் செய்த ஏழாவது.

"அதை எடுத்துக்கவா?" என்று கேட்டாள்.

"எதை?"

"உங்க தலைக்கு மேல இருக்கே, அதை."

அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "அது பதினாலு மாசம் ஆச்சு செய்ய."

"தெரியும். பதினாலு மாசமும் இந்த மேசையில சாப்பிட இடம் இல்லாம தரையில உட்கார்ந்து சாப்பிட்டது நான்தான்."

பத்து நாள் பேச்சு இல்லை. பதினோராம் நாள் அவள் வேலையிலிருந்து வரும்போது, விமானம் மேசைமேல் இருந்தது. வரைவாளர் பக்கத்தில் உட்கார்ந்து திருகுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். "மூணு மாடி உயரத்துக்குக் கீழ கவுக்கக் கூடாது" என்றார். "நான் பக்கத்துல நிப்பேன். நான் சொன்னதைக் கேக்கணும்."

பக்கத்தில்தான் நின்றார். ஆனால் வானத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. விமானத்துக்கு முதுகைக் காட்டி, மனைவியைப் பார்த்து நின்றுகொண்டு, அவள் கட்டைவிரலையே கவனித்தார். அவள் "கவுக்கிறேன்" என்பாள். விரல் கொஞ்சம் தன் பக்கம் வருவது தெரிந்தால் உடனே, "தள்ளு!" என்பார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த முறை வேலை செய்தது. முதல் வாரம் மூன்று நொடி மல்லாந்து பறந்தது. ஒரு மாதத்தில் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனது. வளைவில் திரும்புவது மட்டும் வரவில்லை.

ஆறாவது வாரம், மல்லாந்தபடியே விமானம் அவர்களை நோக்கி வந்தது. உயரம் குறைந்துகொண்டே வந்ததால் அக்காவுக்கு பயம் வந்தது. சட்டென்று புரட்டி நேராக்கினாள். நேராக்கியதைச் சொல்ல மறந்துவிட்டாள். நேரான விமானத்தை மேலே ஏற்றக் குச்சியை இழுத்தாள், அது சரிதான். முதுகைக் காட்டி நின்ற மனுஷனுக்கு விரல் மட்டும்தான் தெரிந்தது.

"தள்ளு!" என்று கத்தினார்.

தள்ளினாள்.

சத்தம் பெரிதாக இல்லை. அட்டைப்பெட்டியை மிதித்த மாதிரி இருந்தது.

"நீங்கதானே சொன்னீங்க" என்றாள் அக்கா.

"நீ ஏன் கேட்டே?"

"கேக்கணும்னு சொன்னதும் நீங்கதான்."

துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் சாப்பிடமாட்டார் என்று நினைத்தாள். அவரோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மேசையில் செய்தித்தாளை விரித்துச் சாக்கைக் கொட்டினார். வெகுநேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபின் அவளைக் கூப்பிட்டார்.

"இங்க வா, இதைப் பாரு. இறக்கையோட அடிக்கட்டை, உடம்புல சேர்ற இடம். ஒரு பக்கம் பசை பிடிக்கவே இல்ல. இத்தனை வருஷமா சும்மா ஒட்டிக்கிட்ட மாதிரி நடிச்சிருக்கு." அவர் குரலில் வருத்தம் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் மிச்ச விமானங்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, விரலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். இன்னும் இரண்டில் அதே கோளாறு. ஒரு வாரம் ஆபீஸுக்கு லீவு போட்டு அவற்றைப் பிரித்தார்.

ஏழாவது விமானம் மறுபடி எழுந்து நிற்க ஐந்து மாதம் ஆனது. இந்த முறை இறக்கையை ஒட்டாமல் பிளாஸ்டிக் திருகால் மாட்டினார். மோதினால் திருகு உடையும், இறக்கை தப்பிக்கும். அடிப்பக்கத்தில் தடிமனாகக் கறுப்புப் பட்டைகள் வேண்டும் என்றாள் அக்கா. எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும். சிவப்புக்கும் வெண்மைக்கும் நடுவில் கறுப்பா, ரயில்வே கேட் மாதிரி இருக்கும் என்று அவர் முகத்தைச் சுளித்தார். நீலம் போடலாம் என்றார். வானமும் நீலம்தானே என்றாள். கறுப்பே போட்டார்.

"இனிமே ஒரு விஷயம்" என்றாள் மைதானத்தில். "வாயைத் திறக்கக் கூடாது. திரும்பி நின்னு அதைப் பாருங்க."

திரும்பி நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் உயரே ஏற்றி, பாதி புரட்டி, தள்ளிப் பிடித்தாள். கறுப்புப் பட்டைகள் மேலே போய் மறைந்தன. அன்று வளைவு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஐந்தாம் வாரம் விமானம் சூளைப் பக்கம் போனபோது அவள் யோசிக்காமலேயே திரும்பியது. வயிறு வானம் பார்க்க முழுச் சுற்று ஒன்று சுற்றி, அவர்கள் முன்னால் தாண்டிப் போயிற்று. வரைவாளர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கடைசியில் பெரிதாக இருமினார்.

இறக்கியபின் அக்கா ரிமோட்டை அணைத்தாள். பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பெரிய சந்தோஷம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். பசிதான் வந்தது.

இப்போது இரண்டு பக்கமும் திரும்புவாள், எட்டும் போடுவாள். வரைவாளர் இன்றுவரை ரிமோட்டைத் தொட்டதில்லை. பன்னிரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறார். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தபோது அம்மா விடுவதைப் பார்க்கவேண்டும் என்றாள். அன்றைக்கு உண்மையிலேயே காற்று சரியில்லை. மூவரும் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். அவள் ஊருக்குப் போனபின், அக்கா மல்லாத்தி விடுவதை வரைவாளர் போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். வானமும் விமானமும் மட்டும்தான் அதில் தெரிந்தன.

"நல்லாத்தான் பறக்குது" என்று மகள் கூப்பிட்டுச் சொன்னாள். "ஆனா நீங்க போனைத் தலைகீழாப் பிடிச்சுட்டீங்கப்பா."

அவர் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை.