பேண்டேஜ் துணியில் வந்த வண்டு

மதுரையில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ராஜபாளையத்துக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் எட்டு ரூபாய்ச் சொச்சம். ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை, ஆகவே மழை இலவசம். எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் அது. பக்கத்து இருக்கைக்காரர்கள் மழையைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். நான் சந்தோஷமாக நனைந்தேன். நான் தேடிப்போகும் வண்டு, ஐப்பசி மழை விழுந்த பிறகுதான் மண்ணை விட்டு மேலே வரும்.

வண்டு என்றதும் பொன்வண்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது சாணி வண்டு. மலைக்காட்டில் காட்டெருமை போட்ட சாணத்துக்குள் குடியிருப்பது. துவரம்பருப்பு அளவு, கறுப்பு நிறம், வெயிலில் பிடித்தால் செம்புக் குடத்தின் மினுக்கம். போன வருடம் அய்யனார் கோயில் காட்டில் ஒன்றே ஒன்று கிடைத்தது. இதுவரை யாரும் எழுதி வைக்காத இனம் என்று எனக்கு நிச்சயம். கல்கத்தாவில் இருக்கும் நிபுணருக்கு நிச்சயமில்லை. "உங்களிடம் இருப்பது பெண். இந்த வகையில் பெண்களெல்லாம் ஒரே ஜாடை. ஆணின் முன்னங்காலைப் பார்க்காமல் புது இனம் என்று சொல்ல முடியாது" என்றுவிட்டார். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் எனக்குக் கிடைத்தது மூன்று நாள் விடுப்பு. அதற்குள் ஓர் ஆண் வண்டு வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசிவரை காத்திருக்க வேண்டும், அந்தக் குணம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

ராஜபாளையத்தில் ஜெயமேரி வீட்டில் இறங்கினேன். என்னோடு படித்தவள், பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வீட்டில் பால் வடிகட்டுவது அந்தத் துணி, தயிர்ப் பானைக்கு மூடி அந்தத் துணி, ஜன்னலில் கொசு வராமல் அடித்திருப்பதும் அதே துணி.

"ஏட்டி, எம்புட்டுப் படிப்புப் படிச்ச! கடைசில சாணியக் கிளறவா வந்திருக்க? வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?"

"சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டாங்க."

மறுநாள் விடிந்ததும் மேற்கே அய்யனார் கோயிலுக்குப் புறப்பட்டேன். வழி நெடுக மாந்தோப்பு, மேலே மலையை மறைத்து மேகம். வனத்துறையில் அனுமதி வாங்கியிருந்ததால் காவலர் சுடலைமுத்து துணைக்கு வந்தார். "யானை பாக்க வாரவியளப் பாத்திருக்கேன், மலையணில் பாக்க வாரவியளப் பாத்திருக்கேன். சாணி பாக்க வந்தது நீங்கதான் டீச்சர்" என்றார். அன்றைக்குச் சாணிதான் பார்த்தோம், அதுவும் மழையில் கரைந்து ஓடியதை. தெரிந்த வண்டுகள் வந்தன, வேண்டியது வரவில்லை.

இரண்டாம் நாள் இன்னும் மேலே ஏறினோம். பிற்பகலில் ஓடை இரைய ஆரம்பித்தது.

"தண்ணி ஏறுது டீச்சர். திரும்பிருவோம்."

"இன்னும் ஒரே ஒரு சாணி, அண்ணாச்சி."

"நேத்துலேர்ந்து இதைத்தானே சொல்லுதிய!"

சொல்லிவிட்டு அவரே ஒரு பாறையைக் காட்டினார். அதன் சரிவுக்கு அடியில் மழை படாத சாணம் கிடந்தது. குச்சியால் பிளந்தேன். செம்பு மினுக்கம் தெரிந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்தால், முன்னங்காலில் அரிவாள் மாதிரி வளைந்த முள். ஆண்! அழுதுவிட்டேன். கை முழுக்கச் சாணி, கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

வண்டைக் கொல்லும் மருந்துச் சீசாவில் போட்டு, ராத்தங்கலுக்கு ஜெயமேரி வீடு வந்தால், சுற்றி வைக்கக் கொண்டுவந்த மெல்லிய தாள்களெல்லாம் பையில் கூழாகிக் கிடந்தன. நான் குளித்து வருவதற்குள் ஜெயமேரி வேலையை முடித்திருந்தாள். வண்டை பேண்டேஜ் துணியில் பலமுறை சுற்றி, சோப்புப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தாள். அந்த ஊரில் நோகக் கூடாத எதற்கும் அந்தத் துணிதான்.

"ஆப்பரேஷன் பண்ண புண்ணுக்கே போடுத துணி. ஒன் வண்டுக்கு நோவுமா?"

எனக்கும் சரியென்றே பட்டது.

காலையில் வழியனுப்பும்போது, "பேரு வைக்கையில எங்க ஊரச் சேத்துக்கோ" என்றாள். காலின் வடிவத்தை வைத்துப் பெயர் முடிவாகிவிட்டது என்றேன். "போ ஏட்டி, எங்க ஊருக்கு ஒண்ணுமில்லையாக்கும்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் அங்கே நின்றபோது மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்தேன். ராத்திரியில் வண்டு காய்ந்து விறைத்திருந்தது. ஆறு கால்களின் நகங்களும் துணியின் கண்களில் மாட்டியிருந்தன. இன்னும் எழுபது கிலோமீட்டர் குலுங்கினால் மதுரைக்குக் கால் தனி, வண்டு தனி. பையோடு இறங்கினேன்.

"ஏம்மா, வண்டி எடுக்கப் போறோம்" என்றார் கண்டக்டர்.

"நீங்க போங்க."

எதிரே ஒரு பால்கோவாக் கடை. மேஜையில் பெட்டியை வைத்து இடுக்கியை எடுத்ததும் கடைக்கார பாய் எட்டிப் பார்த்தார். "என்னம்மா அது?"

"வண்டு. காட்டெருமைச் சாணியில் எடுத்தது." பொய் சொல்லியிருக்கலாம், வாய் முந்திக்கொண்டது.

அவர் பால்கோவாத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாவாரம் கெட்டுரும் தாயி. செத்த பொறுங்க." தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளினார். பின்பக்க ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டார். பிறகு மின்விசிறியை நிறுத்தினார். "காத்துல பறந்துரும்லா."

கத்தரியால் இழை இழையாக நறுக்கினேன். மதுரை பஸ்கள் வந்தன, போயின. பாய் விசிறியில்லாமல் வியர்த்துக்கொண்டே வியாபாரம் பார்த்தார். ஐந்து கால்கள் விடுபட்டன. ஆறாவது, வலது முன்னங்கால். அந்த அரிவாள் முள்ளைச் சுற்றி ஒரே ஓர் இழை. தொட்டாலே கால் ஆடியது. இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. இழுக்கவில்லை. இழையின் இரு முனைகளையும் ஒட்ட நறுக்கிவிட்டு, அப்படியே பாயிடம் வாங்கிய புதுத்தாளில் சுற்றினேன். ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வண்டைக் கல்கத்தாவுக்கு அனுப்பினேன். புது இனம் என்று நிபுணர் ஒப்புக்கொண்டார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டிருந்தார்: வலது முன்னங்காலில் சுற்றியிருக்கும் வெள்ளை மயிர் இந்த இனத்துக்கே உரியதா?

"இல்லை. அது ராஜபாளையத்துக்கு உரியது. எடுக்க வேண்டாம்" என்று எழுதினேன்.