பாதி பயத்துக்கு, பாதி ஆசைக்கு

அத்தானை நினைத்தால் அவருடைய சிறிய சுத்தியல்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. லாலாகுடா ரயில்வே பணிமனையில் சக்கரங்களைச் சோதிக்கும் வேலை அவருக்கு. தட்டிப் பார்ப்பார், கணீரென்று கேட்டால்தான் விடுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் சத்தத்தில் தெரிந்துவிடுமாம். பானையிலிருந்து எனக்கு வந்த வரன்வரை எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற மனுஷன் என்று அக்கா கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவர் சேமிப்பையெல்லாம் ஐ.டி. பங்குகளில் போட்டதற்கு நான்தான் காரணம். மாதாப்பூரில் எனக்கு வேலை கிடைத்த புதிது. ஞாயிறுதோறும் போய், விலை ஏறிய கதையை அளப்பேன். ஓய்வு பெற்றால் ரயில்வே குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கிவிட வேண்டும் என்பது அவர் கவலை. விலை ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை, அவருக்குத் தூக்கம் போயிற்று. "ஏறுறது சந்தோஷம்தாம்மா. ஆனா சத்தம் சரியில்ல. பாதியை வித்துரணும். பாதி பயத்துக்கு, பாதி ஆசைக்கு" என்பார்.

ஒருநாள் மதியம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, திரையில் என் பங்குகளின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ கேட்டார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

சில வாரங்களில் எல்லாம் சரிந்தது. என் பங்குகளும்தான் போயின. ஆனால் எனக்குச் சம்பளம் இருந்தது. அத்தான் ஓய்வு பெற்று, ஜீடிமெட்லாவில் ரசாயன நெடி அடிக்கும் ஒரு தெருவில் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனார். அக்காவுக்கு இருமல் தொடங்கியது அங்கேதான்.

"ஏன் அத்தான், பாதியை வித்திருக்கலாமே?" என்று அங்கே வைத்து ஒருநாள் கேட்டேன். கேட்ட வாயைத் தைக்க வேண்டும்.

"வித்துரட்டுமான்னு ஒங்கிட்டதான ஃபோன் பண்ணிக் கேட்டேன்? நக்கோன்னு சொல்லிட்டியே. வெவரம் தெரிஞ்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். நீயும் நல்லதுக்குத்தானம்மா சொன்ன."

அத்தானிடம் நான் ஒருநாளும் 'நக்கோ' என்று சொன்னதில்லை, எங்களுக்குள் 'வேண்டாம்'தான். அந்த உள்ளூர்ச் சொல் அலுவலகத்து டீக்காரரிடம் மட்டும்தான் வரும். அன்று தட்டோடு வந்து நின்றவரிடம், டீ வேண்டாமென்று ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே சொல்லியிருக்கிறேன்.

அத்தான் போய் நான்கு வருடமாகிறது. அக்கா இப்போது என் ஃப்ளாட்டில் என்னோடுதான் இருக்கிறாள். நான் தப்பாக யோசனை சொல்லிவிட்டதாக நினைத்து, அதை எப்போதோ மன்னித்தும் விட்டாள். அவர் கேட்டது என் காதிலேயே விழவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.