ரிப்பனை நோக்கி ஒரு ஓட்டம்

போன சனிக்கிழமை மாத்தளையில் ஒரு புல்வெளிக்குப் பெயர் வைத்தார்கள்.

புல்லுக்கு யாராவது பெயர் வைப்பார்களா என்று கேட்கிறீர்களா? எங்கள் கல்லூரியில் மண்டபங்களை எல்லாம் பழைய பாதிரிமார் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது புல்தான்!

யோசித்தால் அதுவும் பொருத்தம். பெயருக்கு உரியவன் ஞானமுத்து. எங்கள் வகுப்பு. பலாபத்வலைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். இந்த மண்ணில் வெறுங்காலோடு ஓடிப் பழகி, பின்னால் இலங்கைக்காகக் கடல் கடந்து ஓடியவன். அவன் ஓடிய மைதானத்தின் ஓரம்தான் இப்போது பச்சையாகியிருக்கிறது.

மழை கழுவிவிட்ட காலை. மலை ஒரு எட்டு முன்னால் வந்து நின்றது... அதற்கும் அழைப்பு போயிருக்கும் போல! புல் மினுங்கியது. பேண்ட் வாத்தியம் முழங்கியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பக்கத்தில் ஒருவன் மட்டும் புகைந்துகொண்டிருந்தான் — பளீல். அவனும் எங்கள் வகுப்புத்தான். மெயின் வீதியில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வியாபாரம்.

ஏன் புகைச்சல்? கதை இதுதான்.

சுதந்திரம் கிடைத்த புதிது. கல்லூரி விளையாட்டுப் போட்டி. நூறு யார் தூர ஓட்டம். ஜெயிக்கிறவன் கொழும்பில் போய் ஓடலாம். பளீலும் ஞானமுத்துவும் ஒன்றாகத்தான் பாய்ந்து வந்தார்கள். முடிவுக் கோட்டில் கட்டியிருந்த நூல் ஞானமுத்துவின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே வெற்றி அவனுக்கு. அவன் கொழும்புக்குப் போனான். பளீல் வாப்பாவின் கடைக்குப் போனான்.

அன்றிலிருந்து பளீலுக்கு ஒரே வழக்கு.

"நான்தான் மச்சான் முதல்ல தொட்டேன். நான் கட்டையன். நூல் கழுத்துல பட்டு தலைக்கு மேலால நழுவிருச்சு!"

கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டு முடித்த பிறகுதான் மிளகு தராசுக்கு ஏறும்.

விழாவுக்கு வருவோம். புல்வெளியின் முன்பக்கம் இரண்டு கம்பங்கள். நடுவே சிவப்பு ரிப்பன். பிரின்சிபல் தட்டில் கத்தரிக்கோலை வைத்து நீட்டினார். ஞானமுத்து அதை எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து பளீல் வாயைத் திறந்தான்.

"வெட்டுங்க, வெட்டுங்க! அன்னிக்கு நூலை எடுத்தவருக்கு இன்னிக்கு ரிப்பனும்!"

பேண்ட் நின்றுவிட்டது. ஞானமுத்து திரும்பினான். கோட்டு, டை, லேசான தொப்பை.

"டேய் பளீல்... இன்னுமாடா?"

"மவுத்தாகிக் கண்ண மூடுற வரைக்கும்!"

ஞானமுத்து கத்தரிக்கோலைத் தட்டில் போட்டான். "அப்ப வா. ரிப்பன் ரெடியா இருக்கு. ஓடியே பார்த்துருவோம்."

பிரின்சிபல் பதறினார். "சார்... சார்... புல்லு இன்னும் வேர் பிடிக்கல! விழாவுக்குன்னு போன மாசம்தான் நட்டோம்!"

யார் கேட்டார்கள்? கோட்டு கழன்றது. பளீலின் சாரம் முழங்காலுக்கு மேலே ஏறியது. பளீல் தொப்பியை என் கையில் திணித்தான். "நீதான் நடுவர். கண்ணை மட்டும் சிமிட்டிப் பாரு... இனி உனக்கு மிளகு இல்ல!"

ரிப்பனை அவிழ்த்து ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனை பிரின்சிபல் கையில். பாவம், அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பளீலின் நெஞ்சு உயரத்துக்குத் தாழ்த்தியே பிடித்தோம். இந்த முறை கழுத்துக் கதைக்கு இடமே இல்லை!

விசில்.

ஓடினார்கள்... என்ன ஓட்டம் அது! தொப்பை முந்தியது, வயது பிந்தியது, பச்சைத் துண்டுகள் குருவிக்கூட்டம் போலக் காலடியிலிருந்து பறந்தன. கல்லூரி முழுவதும் ஒரே தொண்டையாகக் கத்தியது. நானும் கத்தினேன். யார் பெயரைச் சொல்லிக் கத்தினேன்? சத்தியமாகத் தெரியாது!

ஞானமுத்து ரிப்பனை வாரிக்கொண்டு போனான். பளீல் ஐந்தாறு எட்டுப் பின்னால் வந்து சேர்ந்தான்.

முடிந்தது. இத்தனை வருட வழக்கு ஒரே மூச்சில் தள்ளுபடி. பளீலின் முகத்தைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

அவனோ... துள்ளிக் குதித்தான்!

"பாத்தீங்களா எல்லாரும்? இதுதான் தோல்வி! தோத்தா இப்படித்தான் பின்னால வரணும். அன்னிக்கு நான் இப்படியா வந்தேன்? சொல்லுடா ஞானமுத்து, இப்படியா வந்தேன்?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஞானமுத்து சிரிக்கவில்லை. மூச்சு அடங்கட்டும் என்று கொஞ்சம் நின்றான்.

"இல்லடா. அன்னிக்கு நீ தோளோட தோளா வந்தே. நூல் என் நெஞ்சுல இருந்துச்சு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யார் முதல்ல தொட்டதுன்னு எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் எந்த ஊர்ல ஓடக் கோட்டுல நின்னாலும் பக்கத்துல நீ நிக்கிற மாதிரியே இருக்கும். இந்தத் தடவையாவது சந்தேகமில்லாம ஜெயிக்கணும்னுதான் ஓடுவேன்."

தோற்றவன்தான் பழைய ஓட்டத்தைச் சுமந்து திரிகிறான் என்று நாம் நினைக்கிறோம், இல்லையா? ஜெயித்தவனும் சுமக்கிறான். சொல்லி ஆற அவனுக்கு ஒரு மிளகுக்கடை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பளீலின் கண் கலங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஞானமுத்துவின் தோளை ஒரு தடவை பிடித்து அழுத்தினான். பிறகு பிரின்சிபல் பக்கம் திரும்பினான்.

"சார், கேட்டீங்கதானே? அப்ப பாதிப் புல்லு என் பேர்ல வரணும்!"

பிரின்சிபல் மெல்லக் கண்ணைத் திறந்து புல்வெளியைப் பார்த்தார். நடுவே இரண்டு தடங்களில் மண் சிவந்து கிடந்தது.

"தாராளமா எடுத்துக்குங்க, முதலாளி... நீங்க பிடுங்கின பாதியை!"